மலேசிய நெய்தல்: இரு கரைகளின் கதை

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என வகுத்தனர் நம் முன்னோர். வகுப்பறையில் ஐந்திணை பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் நெய்தலுக்குக் கொற்கையையும் புகாரையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அவ்வூர்களைக் கண்டறியாத நம் மாணவர்க்கு நெய்தல் என்பது ஏட்டிலே மட்டும் அலையடிக்கும் கடலாக நின்றுவிடுகிறது. ஆனால் நாம் வாழும் இத்தீபகற்பத்தின் இருபுறமும் கடலன்றோ? அக்கடலை நம்பி வாழ்ந்த மக்களின் வரலாற்றை அறிந்தால், நிலமும் பொழுதும் மனிதனின் தொழிலையும் வாழ்வையும் எவ்வாறு உருவாக்குகின்றன என்னும் திணைக் கோட்பாட்டின் உண்மை நமக்குத் தெளிவாகும்.

தீபகற்பத்தின் கிழக்கே விரிந்து கிடப்பது தென்சீனக் கடல். கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களின் கரை பெரும்பாலும் நீண்ட மணற்பரப்பு. அலையைத் தடுக்கும் நிலம் எதிரே இல்லை. மேற்கே இருப்பது மலாக்கா நீரிணை. சுமத்திரா தீவு அரணாக நிற்பதால் அங்கே கடல் அடங்கியிருக்கும். கரையோ பெரிதும் சேறும் சதுப்புநிலக் காடும் நிறைந்தது. ஒரே நாட்டின் இவ்விரு கரைகளும் இருவேறு தொழில்முறைகளை வளர்த்தன.

கிழக்குக் கரையை ஆண்டது வடகிழக்குப் பருவக்காற்று. நவம்பர் திங்களில் அது வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். மழை நாள் கணக்கில் பொழியும். இக்காலத்தை மலாய் மக்கள் 'தெங்குஜு' என்பர். பிப்ரவரி வரையிலும் சிறு படகுகள் கரையேறிக் கிடந்தன. மார்ச்சு பிறந்து காற்றுத் தணிந்ததும் கடல் மீண்டும் திறந்தது. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றில் திரும்புவது அவர்தம் வழக்கம். ஆண்டின் நடுப்பகுதியில் கணவாய் பிடிக்கும் பருவமும் வந்து சேரும்.

இவ்வாழ்வை நுணுக்கமாகப் பதிவு செய்தவர் மானிடவியல் அறிஞர் ரேமண்ட் ஃபர்த். 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் அவர் தம் துணைவியார் ரோஸ்மேரியுடன் கிளந்தானின் பெருப்போக் கடற்கரையில் தங்கி ஆய்ந்தார். மலாய் மீனவரின் பொருளாதாரம் பற்றிய அவரது நூல் 1946-இல் வெளிவந்தது. மீன் எங்கே திரண்டுள்ளது என்பதை அறியும் வல்லுநராகிய 'ஜுரு செலாம்' என்பவரைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார். தென்னங்கீற்றுகளைக் கயிற்றில் கட்டிக் கல்லைக் கோத்துக் கடலில் இறக்கி வைப்பர். அதன் நிழலில் மீன்கள் கூடும். ஜுரு செலாம் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நீரில் மூழ்கிச் செவிசாய்ப்பார். மீன் கூட்டம் எழுப்பும் ஒலியைக் கேட்டே அது எவ்வகை மீன், எத்தனை பெரிய கூட்டம் என்று தீர்மானிப்பார். அவர் குறிப்புக் காட்டிய பின்னரே வலை இறங்கும். எழுத்தறிவு குறைந்திருந்த அக்கம்பங்களில் இத்தகைய நுண்ணறிவு தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே வளர்ந்தது.

கடல் மூடிய திங்கள்களில் மீனவர் வாளாவிருக்கவில்லை. வலைகளைச் செப்பனிட்டனர், வயல் உடையோர் நெல் பயிரிட்டனர். நெத்திலியை உப்பிட்டுப் புளிக்கவைத்த 'புடு' என்னும் குழம்பும் கருவாடும் மழைக்கால உணவாயின. ஆயினும், பலருடைய வீட்டில் அரிசிப் பானை காலியானது. அப்போது மீன் வணிகரிடம் கடன் பெறுவதன்றி வேறு வழியில்லை. கடன் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே, அடுத்த பருவத்து மீனை விற்க வேண்டும். கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறி, அக்கடனைத் தீர்க்கத் தோட்டத்தில் உழைத்த நம் பாட்டன்மாரின் கதையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். தொழில் வேறு, கட்டிய கயிறு ஒன்றே.

மேற்குக் கரையின் கதை வேறு. சில திங்கள்களில் பின்னிரவிலோ விடியலிலோ 'சுமத்திரா' எனப்படும் சூறைக்காற்று திடீரெனத் தாக்கும். அது சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே அங்கே ஆண்டு முழுவதும் தொழில் நடந்தது. பங்கோர் தீவிலும், கோலா குராவிலும், கெத்தாம் தீவிலும் சீன மீனவர்கள் நீரின் மேல் மரக்கால்கள் நாட்டி வீடுகள் அமைத்துக் குடியேறினர். பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. அதன் வேர்களுக்கிடையே இறால் குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குச் செல்கின்றன. அதன் சேற்றுப் பரப்பில் 'கெராங்' என்னும் சிப்பி விளைகிறது. காட்டை அழித்தால் கடலும் வறண்டுபோகும் என்பதை அம்மீனவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

தெற்கே ஜொகூர், சிங்கப்பூர் நீர்ப்பகுதிகளில் 'கேலோங்' என்னும் பொறி புகழ்பெற்றது. நீபோங் மரங்களைக் கடலில் வரிசையாக ஊன்றி வேலி அமைப்பர். நீரோட்டத்தோடு வரும் மீன் வேலியைக் கண்டு ஆழம் நோக்கித் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த அறைகளுள் புகுந்து சிக்கும். மலாக்காவின் ஊஜோங் பாசிரில் போர்த்துக்கீசிய வழியினர் ஆழமற்ற நீரில் தள்ளுவலையுடன் நடந்து 'கெராகாவ்' எனும் பொடி இறாலை வாரினர். இவ்வாறு பல இனத்தவரும் ஒரே கடலைத் தத்தம் முறையில் பயன்கொண்டனர்.

தமிழர் இக்கடலில் பெருந்தொகையினராய் வலை வீசியவர் அல்லர். நம்மவருள் பெரும்பாலோர் உழவு செய்யும் ஊர்களிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள். எனினும் கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' என்னும் மலாய்ச் சொல் தமிழிலிருந்து சென்றது என்பர் மொழியறிஞர். அதைவிட நெருங்கிய உறவு ஒன்றுண்டு. தோட்டக் கடைகளில் வாங்கிய கருவாடும் நெத்திலியும் நம் அன்னையரின் குழம்புச் சட்டியில் கொதித்தன. பால் மரத்தடியில் உழைத்தவனுக்கு வலிமை தந்தது, அவன் கண்ணால் காணாத ஒரு மீனவனின் உழைப்பு.

காற்று ஒரு சட்டத்தை வகுத்திருந்தது. கிழக்கில் அது சில திங்கள் கடலை அடைத்து மீனுக்கு ஓய்வளித்தது. பாயும் துடுப்பும் உள்ளவரை அச்சட்டத்தை மீற எவராலும் இயலவில்லை. போருக்குப் பின் இயந்திரப் படகும் நைலான் வலையும் பரவின. 1960-களில் 'புக்காட் துண்டா' எனும் இழுவலை வந்தது. கடலடியைச் சுரண்டிச் செல்லும் அவ்வலை இறாலோடு சிறு குஞ்சுகளையும் வாரியது. உண்ண உதவாத அம்மீன்களுக்கு மலாயில் 'ஈக்கான் பாஜா', அதாவது எரு மீன் என்று பெயர். நாளை பெரிதாகிச் சந்தைக்கு வரவேண்டிய மீன் இன்றே எருவாயிற்று!

ஓய்வறியாத மேற்குக் கரையில்தான் இச்சிக்கல் முதலில் கடுமையாக வெடித்தது. இழுவலைப் படகுகள் கரையோரத்தில் நுழைந்து சிறு மீனவரின் வலைகளை அறுத்தன. 1960-களின் நடுவிலிருந்து ஆண்டுக்கணக்கில் கடலில் மோதல்கள் நிகழ்ந்தன, படகுகள் அழிந்தன, உயிர்களும் பலியாயின. சில இடங்களில் இதனை இனப்பூசலாகக் கண்டோரும் உண்டு. ஆயினும் அடிப்படையில் அது முதல் உடையவனுக்கும் அஃது இல்லாதவனுக்கும் இடையே எழுந்த பூசல் என்றே கருத வேண்டும். ஏனெனில் சிறு வலை வீசிய சீன மீனவரும் மலாய் மீனவரும் ஒருங்கே இழப்புற்றனர்.

காற்றின் சட்டம் வலுவிழந்தபோது மனிதன் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1981-இல் கடல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. கரையிலிருந்து 5 கடல்மைல் வரை மரபுவழி மீனவர்க்கு ஒதுக்கப்பட்டது. அதற்கப்பால் 12, 30 கடல்மைல் எனப் படகின் அளவுக்கேற்ப எல்லைகள் வகுக்கப்பட்டன. பின்னர்ச் சில மாநிலங்களில் இவை திருத்தப்பட்டன. 1963-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திற்கு மாற்றாக 1985-இல் புதிய சட்டம் நிறைவேறியது. இழுவலையின் கடைப்பகுதிக் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்னும் விதியும் உண்டு. எனினும் பரந்த கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. மீறுவோரும் உளர்; மீறலால் வாடுவோரும் உளர்.

இன்று ஆழ்கடற் படகுகளில் உழைப்போர் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். மீனவரின் பிள்ளைகள் நகரங்களில் வேலை தேடுகின்றனர். நீருள் செவிசாய்த்து மீனை அறிந்த ஜுரு செலாமின் இடத்தை ஒலியலைக் கருவி பெற்றுவிட்டது. கேலோங்குகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

ஆசிரியப் பெருமக்களே! நெய்தல் திணையை நடத்தும் நாளில் ஒருமுறை மாணவரை அருகிலுள்ள மீன்பிடிக் கம்பத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்னும் காற்றை நோக்கி நாளைய தொழிலைக் கணிக்கும் முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் எவ்வாறு ஒரு மக்களின் வாழ்வாகின்றன என்பதை அவர்கள் வாய்மொழியாகவே மாணவர் கேட்கட்டும். இறங்கும் வலையைப் போலவே ஓயும் வலையும் கடலுக்குத் தேவை என்னும் பாடமும் அங்கேதான் உள்ளது.