கணக்கு முந்தியா, கையெழுத்து முந்தியா?

வேலூர் லாங் பஜாரின் இரைச்சலுக்கு நடுவே நடக்கும் நாம் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படிக்கிறோம். கட்டடங்களின் பத்திரங்களைப் படிப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு எனத் தோல் வணிகம் செழித்த இந்நிலப்பகுதியில், ஈட்டிய சொத்தை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது ஈட்டுவதைவிடக் கடினமான காரியம். சொத்தை நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருப்பவர், உரிய பங்கைத் தருமுன் "இனி எனக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது எங்கும் காணப்படும் வழக்கம். எழுதித் தருபவர் பல வேளைகளில் ஒரு விதவை. அல்லது அண்மையில் 18 வயது நிறைந்த பிள்ளை.

பொறுப்பாளரின் அச்சமும் பொய்யன்று. தவறு நேர்ந்தால் அவர் தம் கைப்பொருளைக் கொண்டு ஈடு செய்ய வேண்டும். அவர் வசமுள்ள பொறுப்புச் சொத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு காலக்கெடுவே விதிக்கவில்லை. ஆகவே அவர் ஒரு சீட்டை நாடுவது இயல்பே.

ஆயினும் எந்தச் சீட்டு, எப்போது என்பதே வினா. பொறுப்பை உள்ளபடி நிறைவேற்றியவர் பற்றுச்சீட்டுக்கு உரியவரேயன்றி, முத்திரையிட்ட விடுதலைப் பத்திரத்துக்கு உரியவர் அல்லர் என்று இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் 1852இல், கிங் எதிர் மல்லின்ஸ் வழக்கில் கூறிற்று. 30 ஆண்டுகளுக்குப் பின் இங்கு இயற்றப்பட்ட 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டு சட்டமும் வரிசையைத் தெளிவாகவே வகுத்தது. பயனாளி கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. பணி முடிந்தபின் கணக்கைச் சரிபார்த்துத் தீர்க்கக் கோரலாம். பாக்கி ஏதுமில்லையெனில் அதற்கு எழுத்துமூல ஒப்புதலும் பெறலாம் என்கிறது 35ஆம் பிரிவு. உண்மைகளையும் தம் உரிமையையும் முழுதும் அறிந்து, வற்புறுத்தலின்றி இணங்கிய பயனாளியின் சம்மதமே பொறுப்பாளரைக் காக்கும் என்கிறது 23ஆம் பிரிவு. கணக்கைக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து, வாங்கியவருக்கே உறுதியான கேடயம் அன்று.

ஆனால் இச்சட்டம் வக்ஃபுகளையும் பிரிவினையாகாத குடும்பத்தாரின் உறவுகளையும் தொடவில்லை. சந்ததியினருக்கான வக்ஃபு, ஏழைகளுக்குரிய பங்கு வெறும் பெயரளவில் இருந்தால் செல்லாது என்று 1894இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஜின்னா கொணர்ந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வக்ஃபுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1923ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் முத்தவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்றபோது, குடும்பத்தார் பயன்பெற்றுவந்த வக்ஃபுகளுக்கு மட்டும் விலக்களித்தது. பொது வக்ஃபின் கணக்கு நீதிமன்றம் ஏறியது. குடும்ப வக்ஃபின் கணக்கேடு வீட்டுப் பெட்டிக்குள்ளேயே தங்கிற்று. அப்பெட்டியின் சாவி அவ்வீட்டுப் பெண்களிடம் இருந்திருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரியவர் நீட்டும் தாளில் கணக்குக் கேளாமல் ஒப்பமிடுவதை நாம் மரியாதை என்கிறோம். முதலில் கணக்கு, பிறகு பங்கு, இறுதியில் கையெழுத்து என்னும் வரிசை மரியாதைக் குறைவன்று. நேர்மையாக நடந்த பொறுப்பாளருக்கும் அதுவே காப்பு.