டூகோ, பஃபிங், அப்பாவின் ஃபியட்

காருக்கு பாலிஷ் போட எந்த மெஷின் வாங்கலாம் என்று போன மாதம் முழுக்க மண்டையைக் குடைந்து கொண்டிருந்தேன். கடைசியில் அது நூறு வருஷத்துக் கதையில் கொண்டுபோய் விட்டது. கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

அப்பா போன பிறகு திருச்சி வீட்டு ஷெட்டில் சும்மா நின்ற பிரீமியர் பத்மினியை லாரியில் ஏற்றி புனேவுக்குக் கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதை பத்மினி என்று சொன்னதில்லை, எப்போதும் ஃபியட்தான். "இந்த லாரி வாடகைக்கு நாலு டயர் வாங்கியிருக்கலாம்" என்றார் தங்கமணி. நியாயம்தான்.

நீல நிறம் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு கடையில் விட்டேன். "அரை நாள்ல கண்ணாடி மாதிரி ஆயிடும் சார்" என்றார்கள். ஆனது. ஆனால் பின்பக்கம் வால் மாதிரி தூக்கிக் கொண்டிருக்குமே, அந்த வலது விளிம்பில் இரண்டு விரல் நீளத்துக்கு நீலம் போய் சாம்பல் நிறம் தெரிந்தது. அன்று ராத்திரி அம்மா போனில், "அப்பா வண்டி எப்படிடா இருக்கு?" என்றார். "சூப்பரா இருக்கும்மா" என்றேன். சொன்னது பொய்.

கடைப் பையன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவன் கையில் இருந்த மெஷின் ஒரு காலத்து பெயிண்டுக்காகப் பிறந்தது. அதைப் புரிந்துகொள்ள, கார் பெயிண்டின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

முதல் கார்கள் குதிரை வண்டியின் தம்பிகள். மரச் சட்டம், எண்ணெய் வார்னிஷ், பிரஷ். ஒரு பூச்சு காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் ஃப்ராங்க் மெகுயர் 1901-ல் மர நாற்காலி மேஜைகளுக்கான பாலிஷ் செய்யத்தான் ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கார்களுக்கும் அது பொருந்தியது. இன்று கார் பாலிஷ் என்றாலே நினைவுக்கு வரும் மெகுயர்ஸ் கம்பெனியின் தொடக்கம் அதுதான்.

ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது எல்லோரும் கேள்விப்பட்டதுதான். அந்தக் கறுப்பு மலிவு, உறுதி. வேறு நிறம் கேட்டவர்கள் வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

அதை மாற்றியது 1923. டூபான்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டு வந்தன. புகையில்லாத வெடிமருந்துக்கும் பழைய சினிமா ஃபிலிமுக்கும் உறவுக்காரப் பொருள் இது. முதலில் ஓக்லண்ட் என்ற காரில் நீல நிறமாக வந்தது. வாரக்கணக்கில் காய்ந்த பெயிண்ட் மணிக்கணக்கில் காய்ந்தது. அதன் பெயர் 'டூகோ'.

பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்மூர் பீரோ கடையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் "டூகோ பெயிண்ட் அடிச்சது சார்" என்பார்களே, அதேதான். கம்பெனி வைத்த பெயர், ஸ்ப்ரே அடிக்கும் வேலைக்கே பெயராக நம் வாயில் ஒட்டிக் கொண்டது. அந்த ஸ்ப்ரேயின் கதையும் வேடிக்கையானது. டெவில்பிஸ் என்ற அமெரிக்க டாக்டர் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து அடிக்கச் செய்த கருவியைத்தான், பின்னால் அவர் மகன் பெயிண்ட் அடிப்பதற்கு மாற்றினார்.

டூகோவில் ஒரு சிக்கல். சீக்கிரம் காயும், ஆனால் மங்கலாகக் காயும். பளபளப்பு வேண்டுமென்றால் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் கார் இறங்கும்போது கையால் எத்தனைதான் தேய்ப்பது? கம்பளி பேட் மாட்டி ஒரே அச்சில் சுற்றும் மெஷின் அங்கே கை கொடுத்தது. இதைத்தான் ரோட்டரி என்கிறோம். நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் பஃபிங் மெஷின். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனி இந்த வகை மெஷின்களில் பழைய பெயர். 1922-ல் தொடங்கியது. அங்கே கிரைண்டரால் அறுப்பதற்கே 'ஃப்ளெக்ஸன்' என்று சொல்கிறார்கள் என்றால் பாருங்கள். நமக்கு டூகோ, அவர்களுக்கு ஃப்ளெக்ஸ் :-)

1980-களில் கதை மறுபடி மாறியது. நிறத்துக்கு ஒரு பூச்சு, அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று இரட்டைப் பூச்சு பரவியது. கிளியர் கோட் கெட்டியானது. ஆனால் அதில் விழும் மெல்லிய கீறல் வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும். ரோட்டரியைச் சரியாகப் பிடிக்காவிட்டால் மெஷின் போன பாதையே நிழல் நிழலாக நிற்கும். இதற்கு 'ஹாலோகிராம்' என்று பெயர்.

அப்போதுதான் ஆர்பிட்டல் மெஷினின் காலம் வந்தது. பேட் தன்னைத்தானே சுற்றிக் கொண்டே சிறு வட்டத்திலும் சுழலும். பூமி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். சூடு ஒரே இடத்தில் சேராது. விளிம்பில் அழுத்தினால் பெரும்பாலானவற்றில் பேட் சுற்றுவதே நின்றுவிடும். 2000-களில் அமெரிக்காவில் வீட்டிலேயே பாலிஷ் போடுகிறவர்கள் போர்ட்டர் கேபிள் 7424 என்ற மெஷினைக் கொண்டாடினார்கள். பிறகு 1947-ல் தொடங்கிய இத்தாலியின் ரூப்ஸ் கம்பெனி, 15, 21 மில்லிமீட்டர் வட்டமடிக்கும் பெரிய ஆர்பிட் மெஷின்களைப் பிரபலமாக்கியது.

இப்போது எங்கள் ஃபியட்டுக்கு வருவோம். அதில் கிளியர் கோட் கிடையாது. ஈரத் துணியில் துளி பாலிஷ் வைத்து மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் ஒற்றைப் பூச்சு. என் துணியில் நீலம் வந்தது. அதாவது ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அப்பாவின் கார் கொஞ்சம் துணியோடு போகிறது. விளிம்பில் பெயிண்ட் எப்போதுமே மெலிசு. அங்கே ரோட்டரியை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் கதை முடிந்தது. புதுக் காரிலும் கிளியர் கோட்டின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அளவுகூட இல்லை.

அதனால் நான் கற்றுக்கொண்ட கணக்கு இது. முதல் மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஆர்பிட்டல்தான். வளைவு அதிகமுள்ள பழைய கார் என்றால் 8 மில்லிமீட்டர் ஆர்பிட்டும் 3 அங்குலச் சின்ன பேடும் வசதி. பெரிய தட்டையான பானட், கூரை என்றால் 15 மில்லிமீட்டர் வேகமாக வேலை முடிக்கும். 21 பெரிய வண்டிகளுக்கு. ரோட்டரி இன்றும் ஆழமான கீறலை வேகமாக எடுக்கும், ஆனால் பழகிய கைக்கு. விளிம்புகளில் மறக்காமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து மச்சினரை வாங்கி வரச் சொல்வதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். அங்கே 120, இங்கே 230. நேராகச் சொருகினால் மெஷினுக்குக் கற்பூரம் காட்ட வேண்டியதுதான்.

8 மில்லிமீட்டர் மெஷின் ஒன்று வாங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இருப்பதிலேயே மென்மையான பேட், மென்மையான பாலிஷ். கண்ணாடி மாதிரி ஆகவில்லை. ஆனால் கதவில் என் மகளின் முகம் தெரிகிறது, அது போதும்.

வேலை முடிந்ததும் வீடியோ காலில் அம்மாவுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினேன். அந்த விளிம்பு வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தார். "அந்த மூலையாடா? அது அப்பா கேட்டுல இடிச்ச இடம். எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவரே பட்டி பார்த்து, சின்ன டப்பா பெயிண்ட் வாங்கி பிரஷ்ஷால அடிச்சார். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட நான் சொன்னதே இல்லை."

பெயிண்ட் கடையில் அந்த நீலத்தைக் கலந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அவசரப்படவில்லை. அடிக்கும்போது பிரஷ்ஷால்தான் அடிப்பேன்.

டிஸ்கி: பாலிஷை நிழலில் மட்டும் போடுங்கள், சூடான தகரத்தில் வேண்டாம். அதைவிட முக்கியம், காலையில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியில் அபார்ட்மென்ட் கார் எல்லாவற்றையும் துடைக்கும் அண்ணனுக்கு, உங்கள் காருக்கென்று தனித் துணி வாங்கிக் கொடுங்கள். பாதிக் கீறல் அதிலேயே குறையும்.