மர வாத்திய மெருகு (கண்டிப் பிரதேசம்)

வாத்தியத்தின் மரவுடலில் ஈரம் ஏறாமலும், வாசிப்போன் கைவியர்வை ஊறாமலும், அதே சமயம் மரத்தின் இயற்கை ரேகை மறையாமலும் காத்தற்பொருட்டுப் பூசப்படும் மெல்லிய ஒளிப்படலம் மெருகு எனப்படும். பிசினை இளக்கி மரத்தின்மேல் பரப்புவதற்கு முதலில் நெருப்பும், பின்னர் எண்ணெயும் ஸ்பிரிட்டும், இன்று தண்ணீரும் துணையாக வந்திருப்பதே இதன் சரித்திரம்.

கொழும்பு–கண்டி வீதியிலுள்ள பிலிமத்தலாவையின் சுற்றுப்புறம் மரவேலைக்கும் முழவுக்கும் நெடுங்காலமாகத் தாயகமாயிருப்பது. கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி 1344இல் சமைத்த கடலாதெனிய விகாரையும், மேளகாரர் வாசிக்கும் மண்டபத்தின் மரத்தூண்களெங்கும் சித்திரவேலை நிறைந்த எம்பெக்கே தேவாலயமும் இதற்கு அணித்தே உள்ளன. கண்டி நடனத்துக்குரிய கெட்டபெர என்னும் மத்தளத்தைக் கொன்றை, வேம்பு, பலா முதலிய மரங்களில் குடைவர். உடுக்கையை ஒத்த உடெக்கியோ சிவப்பும் மஞ்சளும் கருமையுமான அரக்கு வளையங்களால் பொலிவது.

அவ்வரக்குத் தொழிலின் நுட்பங்களை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அழியாது காத்துத் தந்திருக்கிறது. பூச்சிகள் மரக்கொம்புகளில் சுரந்த அரக்கை அனலில் இளக்கித் துணியில் வடித்து, மீண்டும் மீண்டும் இழுத்துப் பிசைந்து, சாதிலிங்கத்தாற் செம்மையும் அரிதாரத்தால் மஞ்சளும் ஏற்றி, கடைசலில் சுழலும் மரத்தின்மீது அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும்; பின்னர் ஓலையால் அழுத்தித் தேய்க்க அது பளிங்குபோல் ஒளிரும். மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிதையில் அரக்கை நூலாக இழுத்து நகத்தால் பதிக்கும் வேலையும் நடைபெற்று வந்தது. பூச்சும் வர்ணமும் மெருகும் ஒரே வினையில் முடியும் இம்முறைக்கு நிகரான சிக்கனம் பிற்கால முறைகளுள் எதற்கும் வாய்க்கவில்லை எனலாம்.

அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பரவிக் கீழைநாடுகளிலும் நிலைபெற்றது. 1920களில் தோன்றிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் விரைவில் உலர்ந்தாலும் எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவியோ பட்டறையிலுள்ளோர் சுவாசத்துக்குக் கேடு. 1953இல் அமெரிக்காவில் ரோம் அண்டு ஹாஸ் நிறுவனம் முழு அக்ரிலிக் பால்மத்தை விற்பனைக்குக் கொணர்ந்தபின், நீரைத் துணையாகக் கொண்ட பூச்சுகள் படிப்படியாக விருத்தியடைந்து மரவேலைக்கும் வந்து சேர்ந்தன.

இவற்றில் பிசின் கரைந்திருப்பதில்லை. நுண்துகள்களாக நீரில் மிதக்கிறது. நீர் ஆவியாகத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று உருகி இணைய, தகரத்தில் பால்போல் இருந்தது மரத்தின்மேல் தெளிந்த படலமாகிறது. மழைக்காலத்தில் மலைநாட்டுக் காற்று ஈரம் மிகுந்து குளிர்ந்திருக்கையில் இவ்விணைப்புத் தாமதப்படும். குளிர் மிகுந்தால் படலம் கலங்கிப்போதலும் உண்டு. நீர் பட்டவுடன் மரநார் சிலிர்த்தெழுவதால், முதற்பூச்சு உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தல் இன்றியமையாதது. நாரை அடக்கவும், நீர்ப்பூச்சுக்கு இல்லாத பொன்னிறச் சாயலை அளிக்கவும் மெழுகு நீக்கிய அரக்குப் பாலிஷை அடியிற் பூசுவோர் உளர். மெழுகு எஞ்சிய அரக்காயின் மேற்பூச்சு ஒட்டாது. கண்டியின் பழைய அரக்கு இவ்வாறு புதிய மெருகின் கீழ் இடம்பெறக்கூடுவது மகிழ்ச்சிக்குரியதே.

தடித்த பூச்சு அதிரும் பலகையின் கனத்தைக் கூட்டி நாதத்தை மழுக்கும். இக்குறை வீணை, வயலின், கிட்டார் ஆகியவற்றின் மேற்பலகையில் பெரிதும் புலப்படும். தோல் அதிர்ந்து ஒலிக்கும் மத்தளத்தின் கனத்த உடலில் அத்துணை இல்லை. ஆதலின் தந்தி வாத்தியங்களுக்குச் சில மெல்லிய பூச்சுகளோடு நிறுத்துவதே முறை. மேலும், புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாவது ஸ்பிரிட் பாலிஷின் இயல்பு; நீர்ப்பூச்சு உலர்ந்தபின் அவ்வாறு இளகாமையால், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே தேய்த்தே பிடிமானம் உண்டாக்க வேண்டும். தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினும் படலம் முழுவலிமை பெற வாரக்கணக்காகும். அதற்குமுன் கடைசி மினுக்கத்தை ஏற்ற முற்பட்டால், படலம் பின்னும் சுருங்கி மரத்தின் துளைகள் மேலே தென்படும்.