முதல் ஹாட்ரிக் யாருடையது? 76 ஆண்டுகள் கழித்துத் திருத்தப்பட்ட ஒரு வரி



முதலில் ஒரு புதிர்க் கேள்வி. உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் முதன்முதலாக ஹாட்ரிக் அடித்தவர் யார்? ஒரே ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் போடுவதைத்தான் ஹாட்ரிக் என்கிறோம். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்தக் கேள்வியை 2000-ஆம் ஆண்டில் கேட்டிருந்தால், அர்ஜெண்டினாவின் கியேர்மோ ஸ்டாபிலே என்பதே சரியான விடை. இன்று அதே விடையை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. இன்றைய விடை, அமெரிக்காவின் பெர்ட் பேட்டனோட். ஆட்டம் நடந்ததோ 1930-இல். நடந்து முடிந்த ஆட்டத்தின் விடை 2006-இல் எப்படி மாறியது? "வரலாறுன்னா நடந்தது நடந்ததுதானே, அதுல மாற என்ன இருக்கு?" என்று வகுப்பில் யாராவது ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்தப் பேட்டனோட்?

பெர்ட் பேட்டனோட் 1909 நவம்பர் 4-ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரில் பிறந்தார். அது பருத்தி ஆலைகள் நிறைந்த ஊர். ஆலை வேலைக்காக இங்கிலாந்து, போர்ச்சுகல், கனடாவின் பிரெஞ்சுப் பகுதி என்று பல இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஆலைக்கு ஆள் வந்தபோது கூடவே காற்பந்தும் வந்து சேர்ந்தது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலை தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இது புரியாத கதையில்லை.

அமெரிக்காவில் காற்பந்து அண்மையில்தான் வளர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. 1921-இலேயே அங்கே 'அமெரிக்கன் சாக்கர் லீக்' என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கிவிட்டது. அதில் பெயர் பெற்ற அணிகளில் ஒன்று ஃபால் ரிவர் மார்க்ஸ்மென். அந்த அணியின் உரிமையாளர் சாம் மார்க் செய்த காரியம் சுவையானது. மாசசூசெட்ஸ் சட்டம் ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை விளையாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கோ ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அதனால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அவர் திடலைக் கட்டிவிட்டார்! அந்த அணிக்குத்தான் பேட்டனோட் முன்னணி ஆட்டக்காரராக விளையாடினார்.

1930 ஜூலை 17

முதல் உலகக் கிண்ணப் போட்டி 1930-இல் தென் அமெரிக்க நாடான உருகுவேயில் நடந்தது. மொத்தம் 13 அணிகள், 18 ஆட்டங்கள். எல்லா ஆட்டமும் மொண்டெவிடியோ நகரில்தான். அமெரிக்க அணி ஜூன் 13-ஆம் நாள் கப்பலேறி ஜூலை 1-ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. அணியில் ஆறு பேர் பிரிட்டனில் பிறந்தவர்கள். பேட்டனோட் அமெரிக்காவிலேயே பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 20.

ஜூலை 13-இல் அமெரிக்கா பெல்ஜியத்தை 3-0 என வென்றது. நான்கு நாள் கழித்து, ஜூலை 17-இல் பராகுவேயைச் சந்தித்தது. பராகுவே சாதாரண அணி இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு தென் அமெரிக்க வெற்றியாளர் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற அணி. ஆனாலும் அமெரிக்கா மீண்டும் 3-0 என வென்றது. 10-ஆவது நிமிடம், 15-ஆவது நிமிடம், 50-ஆவது நிமிடம் என மூன்று கோல்கள்.

முதல் கோலும் மூன்றாவது கோலும் பேட்டனோட் போட்டவை. இதில் யாருக்கும் ஐயமில்லை. சிக்கல் எல்லாம் அந்த நடுக் கோலில்தான். 15-ஆவது நிமிடக் கோலை அடித்தது யார்?

ஒரு கோல், மூன்று பதிவுகள்

இந்தக் கேள்விக்கு மூன்று வகையான விடைகள் நெடுங்காலம் பக்கம் பக்கமாக உலவின.

ஒன்று, ஃபிஃபாவின் பழைய பதிவு. அது அந்தக் கோலை அமெரிக்க அணித்தலைவர் டாம் ஃபுளோரியின் கணக்கில் எழுதியது.

இரண்டு, வேறு சில புள்ளிவிவரத் தொகுப்புகள். பந்து பராகுவே ஆட்டக்காரர் கொன்சாலெஸ் மீது பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது, அதனால் அது சொந்த கோல் என்று அவை குறித்தன.

மூன்று, அமெரிக்கக் காற்பந்துச் சம்மேளனத்தின் பதிவு. மூன்று கோலும் பேட்டனோட்டுடையவை என்றது அது.

ஒரே ஆட்டத்துக்கு எப்படி மூன்று கதை? அந்தக் காலத்தை மனசுல நிறுத்திப் பாருங்க. தொலைக்காட்சி கிடையாது. மறுஒளிபரப்பு கிடையாது. சட்டையில் எண்கூட கிடையாது. உலகக் கிண்ணத்தில் ஆட்டக்காரர்கள் எண் போட்ட சட்டை அணிந்தது 1950-இல்தான். தூரத்தில் உட்கார்ந்து எழுதும் செய்தியாளருக்கு எல்லா அமெரிக்கர்களும் ஒரே சட்டையில் ஓடும் அந்நிய முகங்கள். கோல் முன்னால் நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது கடைசியாகப் பந்தைத் தொட்டது யார் என்று சொல்வது எளிதா? நம்ம பள்ளி விளையாட்டுப் போட்டியிலேயே "நான்தான் அடிச்சேன், அவன் இல்ல" என்று சண்டை வருகிறதே!

இரண்டு நாள் கழித்து, ஜூலை 19-இல், அர்ஜெண்டினா மெக்சிகோவை 6-3 என வென்றது. அதில் ஸ்டாபிலே மூன்று கோல் போட்டார். பேட்டனோட் கணக்கில் இரண்டு கோல்தான் என்று எழுதப்பட்டிருந்ததால், முதல் ஹாட்ரிக் என்ற பெருமை ஸ்டாபிலேக்குப் போனது. மாணவர்களுக்கு ஒரு துணுக்கு: அர்ஜெண்டினாவின் அணித்தலைவர் மனுவேல் ஃபெரேரா பல்கலைக்கழகத் தேர்வு எழுத நாடு திரும்பிவிட்டதால் அந்த ஆட்டத்தில் இல்லை. ஸ்டாபிலேக்கு அதுதான் தேசிய அணிக்கான முதல் ஆட்டம்.

ஸ்டாபிலே யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் போட்டியில் எட்டு கோல் போட்டு அதிக கோல் அடித்தவராக விளங்கியவர் அவர். அந்தப் பெருமை இன்றும் அப்படியே இருக்கிறது. பதிவில் நேர்ந்த ஒரு பிழை, ஒருவருக்குக் கூடுதலாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் எழுதிவிட்டது. அவ்வளவுதான்.

ஏன் மறந்தார்கள்?

அமெரிக்கா அரையிறுதிவரை போனது. அங்கே ஜூலை 26-இல் அர்ஜெண்டினாவிடம் 6-1 எனத் தோற்றது. பேட்டனோட் அந்தப் போட்டியில் மொத்தம் நான்கு கோல் போட்டுவிட்டு ஊர் திரும்பினார். திரும்பிய ஊர் நல்ல நிலையில் இல்லை. 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் ஆலை ஊர்களைக் கடுமையாகத் தாக்கியது. தொழிலாளி கையில் காசில்லை என்றால் திடலுக்கு யார் டிக்கெட் வாங்கி வருவார்? 1930-களின் தொடக்கத்தில் அந்த லீக் சரிந்துபோனது.

பிறகு அமெரிக்கா 1934-இலும் 1950-இலும் உலகக் கிண்ணத்தில் ஆடியது. அதற்கப்புறம் 1990 வரை, நாற்பது ஆண்டுகள், தகுதியே பெறவில்லை. ஒரு நாடே அந்த மேடையில் இல்லாதபோது, அந்த நாட்டின் பழைய ஆட்டக்காரருக்காகக் கேள்வி கேட்க யார் இருப்பார்கள்?

ஊர் கொடுத்த மரியாதை

ஆனால் எல்லாரும் மறந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1950-இல் தேசியக் காற்பந்துப் புகழ் மண்டபம் தொடங்கப்பட்டது. சிறந்த ஆட்டக்காரர்கள், காற்பந்துக்காக உழைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களைப் பொறித்து வைக்கும் இடம் அது. 1971-இல் பெர்ட் பேட்டனோட்டின் பெயர் அதில் சேர்க்கப்பட்டது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், வயது 61.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1974 நவம்பர் 4-ஆம் நாள், தம்முடைய 65-ஆவது பிறந்தநாளிலேயே, அவர் காலமானார். அன்றைக்கும் ஃபிஃபாவின் பதிவில் பராகுவே ஆட்டத்துக்கு அவர் பெயருக்கு நேராக இருந்தவை இரண்டு கோல்கள்தான்.

ஆய்வாளர்கள் விடவில்லை. காற்பந்து வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பழைய நாளிதழ்களைத் தேடிப் புரட்டினார்கள். உடன் ஆடியவர்கள் சொல்லிச் சென்றதைத் திரட்டினார்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார்கள். கடைசியில் 2006 நவம்பர் 10-ஆம் நாள் ஃபிஃபா தன் பதிவைத் திருத்தியது. 15-ஆவது நிமிடக் கோலும் பேட்டனோட்டுடையதே, உலகக் கிண்ணத்தின் முதல் ஹாட்ரிக் அவருடையதே என்று அறிவித்தது. ஆட்டம் நடந்து 76 ஆண்டுகள், அவர் இறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 வரை அமெரிக்க ஆடவர் அணியில் வேறு யாரும் உலகக் கிண்ண ஹாட்ரிக் அடிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வரலாறு மாறியதா?

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். 1930 ஜூலை 17-இல் நடந்தது மாறவில்லை. பந்து யார் காலில் பட்டதோ அவர் காலில்தான் பட்டது. மாறியது அதைப் பற்றி நாம் எழுதி வைத்திருந்த வரி. கடந்த காலம் வேறு, அதைப் பற்றிய பதிவு வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட மாணவருக்குச் சான்று சார்ந்த கேள்விகள் பயமுறுத்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கச் சம்மேளனம் தன் நாட்டு ஆட்டக்காரருக்குச் சாதகமாகப் பேசுகிறது என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான சந்தேகம்தான். சார்பு இருக்கக்கூடிய சான்றை உடனே தூக்கிப் போடவும் கூடாது, அப்படியே நம்பவும் கூடாது. அதனோடு தொடர்பில்லாத வேறு சான்று அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதேபோல, "ஃபிஃபாவே சொல்லியிருக்கு" என்பதும் சான்று ஆகாது. பெரிய அமைப்பு என்பதால் அதன் பதிவு தானாகச் சரியாகிவிடாது. ஆனால் தவறென்று தெரிந்ததும் அது திருத்திக்கொண்டதே, அதையும் பாராட்டத்தான் வேண்டும்.

தேர்வில் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவோர் கால வரிசையில் கவனமாக இருங்கள். பலர் "ஃபிஃபா அங்கீகரித்ததால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்" என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அது தவறு. புகழ் மண்டபம் 1971, ஃபிஃபாவின் திருத்தம் 2006. ஊர் முதலில் மதித்தது, உலகம் பிறகு ஒப்புக்கொண்டது.

நமக்கு என்ன வேலை?

ஆசிரியர்களே, நம் பள்ளிகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடிய தாத்தாக்கள், பள்ளிக்குக் கிண்ணம் வாங்கித் தந்துவிட்டுப் பெயரில்லாமல் போனவர்கள். அலுவலக அறையின் கண்ணாடி அலமாரியில் கறுத்துப்போன கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் ஆண்டு இருக்கும், ஆடிய பிள்ளைகளின் பெயர் இருக்காது. அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி வைப்பதற்கு ஃபிஃபா தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பாட்டி தாத்தாவிடம் பொறுமையாக உட்கார்ந்து பேச ஒரு மாணவரும் போதும். ஆனால் ஆட்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். பேட்டனோட்டுக்கு 2006 மிகவும் தாமதம்.

வகுப்பில் கலந்துரையாட:

1. 15-ஆவது நிமிடக் கோலைப் பற்றிய மூன்று பதிவுகளையும் ஒப்பிடுக. அவை ஏன் வேறுபட்டிருக்கலாம்? இரண்டு காரணங்கள் தருக.

2. ஆட்டம் முடிந்த மறுநாள் வந்த நாளிதழ்ச் செய்தி, பல ஆண்டுகள் கழித்து உடன் ஆடியவர் சொன்ன நினைவு: இரண்டில் எது கூடுதல் நம்பத்தக்கது? ஏன்? ஒவ்வொன்றிலும் ஒரு குறைபாட்டையும் சுட்டுக.

3. "மறக்கப்பட்டவரை அங்கீகரிக்கும்போது ஏற்கனவே புகழ்பெற்றவரின் பெருமை குறைகிறது." ஸ்டாபிலேயை மனத்தில் கொண்டு இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ எழுதுக.

4. உங்கள் பள்ளியின் பழைய விளையாட்டு வெற்றி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் பங்கேற்ற ஒருவரையேனும் கண்டறிந்து நேர்காணல் செய்க. அவர் சொன்ன தகவலை வேறொரு சான்றோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.