டைக்கோவின் புதிய நக்ஷத்திரம்

பூமியில் பிறப்பும் இறப்பும் உண்டு, வளர்ச்சியும் தேய்வும் உண்டு. சந்திரனுக்கு அப்பாலுள்ள ஆகாயத்திலோ இவற்றுள் ஒன்றும் இல்லை, அங்கே உள்ளவை யாவும் நித்தியமானவை என்று அரிஸ்டாட்டில் வகுத்த சித்தாந்தத்தை ஐரோப்பியப் பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்காக வேதவாக்காகக் கொண்டிருந்தனர். தூமகேது ஒன்று தோன்றி மறைவதைக் கண்ணாரக் கண்டபோதும் அச்சித்தாந்தத்துக்குப் பழுது நேரவில்லை. அது சந்திரனுக்குக் கீழே, காற்று மண்டலத்தின் மேற்புறத்தில் பற்றி எரியும் ஆவி என்று சொல்லி அமைதி கண்டார்கள். அந்தச் சமாதானத்துக்கு அடங்காத ஒரு சாட்சி 1572-ஆம் ஆண்டு நவம்பரில் வடவானில் வந்து நின்றது.

அம்மாதம் 11-ஆம் தேதி அந்திப்பொழுதில், அக்காலத்தில் டென்மார்க்குக்கு உட்பட்டிருந்த ஸ்கோனே பிரதேசத்தின் ஹெரெவாட் மடத்தில், தாய்மாமன் ஸ்டீன் பில்லேயுடன் சேர்ந்து நடத்திவந்த ரசவாதக் கூடத்திலிருந்து இராவுணவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த டைக்கோ பிராகி என்னும் இருபத்தைந்து வயதுப் பிரபு, வழக்கம்போல் வானத்தை அண்ணாந்து பார்த்தவர், காசியோபியா மண்டலத்தில் அதுவரை எந்த நக்ஷத்திரமும் இல்லாத ஓரிடத்தில் சுக்கிரனுக்கு ஈடான பிரகாசத்தோடு ஒன்று சுடர்விடக் கண்டார். வாட்போரில் மூக்கின் ஒரு பகுதியை இழந்தும் உலோகத் துண்டை ஒட்டிக்கொண்டு உலவிய அந்த அகம்பாவி, அன்று தம் கண்களையே நம்பவில்லை. உடன்வந்த வேலையாட்களிடம் கேட்டார், வண்டியில் போய்க்கொண்டிருந்த குடியானவர்களை நிறுத்தியும் கேட்டார். எல்லோரும் தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் அவர் மனம் தேறிற்று. பின்னர் அவர் கோபன்ஹேகனுக்குச் சென்று விருந்துமேசையில் இதைச் சொன்னபோது, நண்பர் பிரடென்ஸிஸ் முதலானோர் வேடிக்கை என்றே எண்ணிச் சிரித்தார்களாம். அத்தனை நாட்களாகத் தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்த ஒன்றைச் சர்வகலாசாலைப் பண்டிதர்களும் பாராமல் இருக்க முடியும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

கண்டதில் டைக்கோவுக்கு முதன்மை இல்லை. விட்டன்பர்க்கில் ஷூலர் என்பவர் சில நாட்கள் முன்னரே கண்டுவிட்டார். ஆனால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்விதான் வழக்கைத் தீர்க்க வல்லது. கையை நீட்டி விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் மாறிமாறிப் பார்த்தால் எதிர்ச்சுவரில் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரலை அருகே கொண்டுவர அந்த மாற்றம் பெருகும். அவ்வாறே, ஓர் இரவில் வானம் சுழலுகையில், அண்மையிலுள்ள பொருள் பின்னணி நக்ஷத்திரங்களுக்கிடையே சற்று நகர்ந்து காணவேண்டும். சந்திரனுக்கு அந்நகர்ச்சி ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது பூரண சந்திரனின் அகலத்தைப்போல் இரு மடங்கு. பதப்படுத்திய அக்ரூட் மரத்தில், ஐந்தரை அடிக் கைகளை வெண்கல மூட்டால் இணைத்துத் தாம் செய்வித்திருந்த கோணமானியால், அந்நக்ஷத்திரம் தலைக்கு நேராக உயர்ந்து நின்றபோதும், வடதிசையில் தாழ்ந்து நின்றபோதும், அண்டை நக்ஷத்திரங்களிலிருந்து அதன் தூரத்தை டைக்கோ அளந்தார். அஸ்தமிக்காத மண்டலமாகக் காசியோபியா அமைந்தது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே அது சந்திரனுக்கு அப்பாலுள்ளதே என்று ஆயிற்று.

இந்த வரலாற்றில் என் மனத்தை அதிகம் கவர்பவர் ட்யூபிங்கனிலிருந்த மைக்கேல் மேஸ்ட்லின். யந்திரம் வாங்க வசதியில்லாத அந்த இருபத்திரண்டு வயது இளைஞர், ஒரு நூலை விறைப்பாகக் கண்ணுக்கு நேரே பிடித்து, புதிய நக்ஷத்திரம் எந்த இரு நக்ஷத்திரங்களுக்கு நேர்க்கோட்டில் அகப்படுகிறது என்று தேடினார். அப்படியே வேறொரு ஜோடியையும் கண்டுபிடித்தார். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் அது இருந்தது. மணிகள் பல கழிந்து நூலை மீண்டும் பிடித்தபோதும் அங்கேயே இருந்தது. பிரபுவின் அக்ரூட் யந்திரமும் ஏழையின் நூலும் ஒரே தீர்ப்பைச் சொல்லின. தற்பெருமைக்குப் பேர்போன டைக்கோவே இந்தக் கணிப்பைத் தம் பெருநூலில் மதித்துச் சேர்த்தார் என்றால் வேறு நற்சாட்சி வேண்டியதில்லை. இந்த மேஸ்ட்லின்தான் பிற்காலத்தில் கெப்ளருக்கு ஆசிரியரானவர்.

சீனத்தில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. வானம் மாறாதது என்ற பிடிவாதம் அங்கு இல்லாமையால், அரசாங்க ஜோதிஷர்கள் புதியனவற்றை ‘விருந்தாளி நக்ஷத்திரம்’ என்று பெயரிட்டுப் பதிந்துவந்தனர். 1054-இல் ரிஷப ராசிப் பக்கம் தோன்றியதைப் பகலில் 23 நாட்கள் கண்டதாகவும் குறித்திருக்கிறார்கள். அவர்கள் பதிவின் நேர்மையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். எனினும் அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை.

நூல் எழுதுவது பிரபுகுலத்துக்கு இழுக்கு என்று முதலில் தயங்கிய டைக்கோ, 1573-இல் தம் கணிப்புகளை அச்சிட்டார். யுத்தம், கலகம், பஞ்சம் வரும் என்ற ஜோதிடப் பலனும் அந்நூலில் உண்டு. அதை நாம் தாண்டிப் போகலாம். நிலைத்தவை அவருடைய பிரகாசக் குறிப்புகளே. நவம்பரில் சுக்கிரனுக்கு நிகர், டிசம்பரில் குருவுக்கு நிகர், பிறகு முதல் வரிசை நக்ஷத்திரங்களுக்கு நிகர் எனத் தேய்ந்தது. வெள்ளை நிறம் மஞ்சளாகி, செவ்வாய்போலச் சிவந்து, சனியைப்போல ஈயநிறம் கொண்டது. 1574 மார்ச்சில் கண்ணுக்கு மறைந்தது. இந்த ஒப்புமைகளை வைத்துத்தான் வால்டர் பாடே 1945-இல் ஒளி தேய்ந்த வரைபடத்தை வரைந்து, டைக்கோ கண்டது நக்ஷத்திரப் பேரொளி வெடிப்பு என்று முடிவு செய்தார். அவ்வெடிப்பின் ஒளியில் ஒரு பகுதி தூசு மேகங்களில் பட்டுத் திரும்பி, 436 ஆண்டு தாமதமாக, ஹவாயியிலுள்ள சுபாரு தொலைநோக்கியில் அகப்பட்டது. 2008-இல் அதன் நிறமாலையைப் பகுத்தவர்கள், வெடித்தது ஒரு வெண்குறு விண்மீன் என்று உறுதிசெய்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய எஸ். சந்திரசேகர் பிரயாணத்திலேயே கணக்கிடத் தொடங்கிய எல்லை, அதாவது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை, அத்தகைய நக்ஷத்திரங்களுக்கு உரியதே.

டைக்கோவின் ஆராய்ச்சிக்குப் பரிசாக மன்னர் இரண்டாம் பிரெடரிக் ஹ்வேன் தீவையே அளித்து வானிலையம் கட்டப் பொருளும் தந்தார். அங்கே சேர்ந்த கணிப்புகள் கெப்ளரின் கைக்கு வந்தன. அந்தக் கெப்ளர் ப்ராக் நகரத்தில் இருந்தபோது, 1604 அக்டோபரில் இன்னொரு புதிய நக்ஷத்திரம் தோன்றி ஓராண்டு நின்றது. அது மறைந்து மூன்றாண்டு கழிந்து, 1608-இல் ஹாலந்தில் தொலைநோக்கி வெளிவந்தது. அன்றுமுதல் இன்றுவரை நம்முடைய பால்வீதிக்குள் அத்தகைய வெடிப்பு எதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்ததாக நிச்சயமான சான்று இல்லை. 1987-இல் கண்ட வெடிப்புகூட அண்டை விண்மீன் திரளைச் சேர்ந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு கிடைத்த பாக்கியம், தொலைநோக்கி அறியாத தலைமுறைக்கே வாய்த்தது.