ரேட்டிங்கில் 'அதற்கு இணையான' என்றால் என்ன? மில் கடனின் வட்டியை மாற்றும் ஒரு வரி!

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. வங்கியில் 20 கோடி ரூபாய் கடன். கடன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: 'நிறுவனத்தின் ரேட்டிங் ஏ மைனஸ் அல்லது அதற்கு இணையான நிலைக்குக் கீழே இறங்கினால், வட்டி 0.50 சதவீதம் கூடும்'.

இப்போது ஒரு ரேட்டிங் ஏஜென்சி அந்த மில்லுக்கு 'ஏ மைனஸ்' கொடுக்கிறது. இன்னொரு ஏஜென்சி ஒரு படி குறைத்து 'பிபிபி பிளஸ்' கொடுக்கிறது. வட்டி கூடுமா, கூடாதா?

கூடினால் வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் எக்ஸ்ட்ரா. இந்த மில் ஒரு உதாரணத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் கேள்வி நிஜமானது. ராஜபாளையம் நூற்பாலைகள், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி யூனிட்டுகள் என வங்கிக் கடனை நம்பி ஓடும் எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். பதில், அந்த 'அதற்கு இணையான' என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் என்ன அர்த்தம் கொடுத்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கிரெடிட் ரேட்டிங்... சிம்பிளா சொன்னா?

வாங்கிய கடனை ஒரு நிறுவனம் சொன்ன தேதியில் திருப்பிக் கட்டுமா என்பது பற்றி ஒரு ஏஜென்சி சொல்லும் கருத்துதான் கிரெடிட் ரேட்டிங். அது உத்தரவாதம் இல்லை.

இந்தியாவில் முதலில் வந்தது கிரிசில், 1987-ல். அடுத்து இக்ரா 1991-ல், கேர் 1993-ல். இந்தியா ரேட்டிங்ஸ், அக்யூட், இன்ஃபோமெரிக்ஸ் போன்றவையும் இருக்கின்றன. இவற்றைக் கண்காணிப்பது செபி.

நீண்டகாலக் கடன்களுக்கு மேலிருந்து கீழாக வரிசை இதுதான்: ஏஏஏ, ஏஏ, ஏ, பிபிபி, பிபி, பி, சி, டி. 'ஏஏஏ' என்றால் மிக உயர்ந்த பாதுகாப்பு. 'டி' என்றால் கடன் தவணை தவறிவிட்டது அல்லது விரைவில் தவறும் என்று அர்த்தம். ஏஏ முதல் சி வரை ஒவ்வொரு வகையிலும் பிளஸ், மைனஸ் சேரும்.

எல்லா ஏஜென்சியும் ஒரே குறியீடுதானே? அப்புறம் என்ன குழப்பம்?

நியாயமான கேள்வி. முன்பு ஒவ்வொரு ஏஜென்சியும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தது. 2011 ஜூனில் செபி ஒரு சுற்றறிக்கை மூலம் குறியீடுகளையும் அவற்றின் விளக்கங்களையும் பொதுவாக்கியது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே எழுத்துகள். முன்னால் ஏஜென்சியின் பெயர் மட்டும் மாறும்.

ஆனால் பொதுவானது எழுத்துதான். மதிப்பிடும் முறை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் எத்தனை கடை போர்டில் 'பால்கோவா' என்று எழுதியிருக்கிறது? பெயர் ஒன்று, புவிசார் குறியீடு ஒன்று. ஆனால் பக்குவம் கடைக்குக் கடை வேற. அதே மாதிரி ஒரு ஏஜென்சி மில்லின் கடன் சுமையைப் பெரிதாகப் பார்க்கும். இன்னொன்று குழும நிறுவனத்தின் ஆதரவுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கும். பஞ்சு விலை ஏறி, நூல் விலை ஏறாத வருஷத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடைபோடுவார்கள். அதனால் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ரேட்டிங் வருவது சகஜம்.

வெளிநாட்டு ஏஜென்சி என்றால்?

அங்கே குறியீடே வேறு. எஸ் அண்ட் பி, ஃபிட்ச் இரண்டும் 'பிபிபி மைனஸ்' என்று சொல்லும் இடத்தில் மூடிஸ் 'பிஏஏ3' என்று சொல்லும்.

மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 60-ஆம் நம்பர் நூலை மெட்ரிக் கவுண்டில் சொன்னால் கிட்டத்தட்ட 102 வரும். நூல் அதே நூல்தான், அளவுகோல் வேற. ஆனால் நூலுக்கு மாற்றக் கணக்கு நிரந்தரமானது. ரேட்டிங்குக்கு அப்படி ஒரு ஃபார்முலா கிடையாது. 'இது அதற்கு இணை' என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு அட்டவணை போடுவதுதான் வழி.

நாடுகளுக்கும் இந்த வித்தியாசம் வரும். 2025 ஆகஸ்டில் எஸ் அண்ட் பி, இந்தியாவின் ரேட்டிங்கை 'பிபிபி மைனஸ்'-லிருந்து 'பிபிபி' ஆக உயர்த்தியது. அதே ஆகஸ்டில் ஃபிட்ச் 'பிபிபி மைனஸ்' என்பதையே உறுதி செய்தது. ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு ரேட்டிங்!

இதில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. இந்திய அரசுக்கே உலக அளவுகோலில் 'பிபிபி' வட்டாரம்தான். ஆனால் உள்ளூரில் பல நிறுவனங்கள் 'ஏஏஏ' வைத்திருக்கின்றன. காரணம், உள்நாட்டு அளவுகோல் இந்தியாவுக்குள் ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது மட்டுமே. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் 'பிபிபி அல்லது அதற்கு இணையான' என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால், அது அரைகுறை வரிதான்.

நல்ல ஒப்பந்தம் 'இணை' என்பதை எப்படி வரையறுக்கும்?

கீழே உள்ள 7 கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

1. யாருடைய ரேட்டிங்? 'செபியில் பதிவு பெற்ற எந்த ஏஜென்சியும்' என்பது ஒரு வகை. குறிப்பிட்ட 2, 3 ஏஜென்சிகளின் பெயரை எழுதுவது இன்னொரு வகை.

2. எந்த அளவுகோல்? உள்நாட்டு அளவுகோலா, சர்வதேச அளவுகோலா?

3. எதற்கான ரேட்டிங்? நீண்டகாலக் கடனுக்கு 'ஏ' என்பது வேறு. குறுகியகாலக் கடனுக்கு 'ஏ1', 'ஏ4' என்பது வேறு. 'ஏ4' என்பதில் 'ஏ' இருக்கிறதே என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். அது டிஃபால்ட்டுக்கு முந்தைய கடைசிப் படி. அதேபோல் வேறொருவர் கொடுத்த உத்தரவாதத்தால் கிடைத்த ரேட்டிங்குக்குப் பக்கத்தில் 'சிஇ' என்று இருக்கும். அதை நிறுவனத்தின் சொந்த பலமாகக் கணக்கில் எடுக்கலாமா என்பதும் தெளிவாக வேண்டும்.

4. வகையா, படியா? 'ஏ ரேட்டிங்' என்று மட்டும் எழுதினால் 'ஏ மைனஸ்' அதில் சேருமா? 'ஏ வகை' என்றால் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் மூன்றும் உள்ளே வரும். 'ஏ, அதற்குக் குறையாமல்' என்றால் ஏ மைனஸ் வெளியே. தகராறுக்கு இடம் கொடுக்கும் இடம் இது.

5. இரண்டு ரேட்டிங் வேறுபட்டால் எது செல்லும்? உயர்ந்ததா, தாழ்ந்ததா, நடுவில் இருப்பதா?

6. ரேட்டிங் வாபஸ் ஆனால் அல்லது ஏஜென்சியே இல்லாமல் போனால்? 2022 அக்டோபரில் பிரிக்வொர்க் ஏஜென்சியின் உரிமத்தை ரத்து செய்து செபி உத்தரவிட்டது. விவகாரம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த ஒரே ஏஜென்சியின் பெயரை மட்டும் எழுதியிருந்த ஒப்பந்தத்துக்கு என்ன வழி? 'அதற்குப் பதிலாக எந்த ஏஜென்சி' என்ற வரி இதற்காகத்தான்.

7. எப்போதிலிருந்து அமல்? ரேட்டிங் குறைந்த அன்றே வட்டி கூடுமா? இன்னொரு ரேட்டிங் வாங்கிக் காட்ட அவகாசம் உண்டா? 'நெகட்டிவ் அவுட்லுக்' வந்தாலே கணக்கில் வருமா?

ஐந்தாவது கேள்விக்கு அரசு விதிகள் என்ன சொல்கின்றன?

வங்கிகள் தங்கள் மூலதனத்தைக் கணக்கிட ரிசர்வ் வங்கி தெளிவான விதி வைத்திருக்கிறது. பெரிய கடன்களுக்கு ஏஏஏ என்றால் ரிஸ்க் வெயிட் 20%, ஏஏ 30%, ஏ 50%, பிபிபி 100%, பிபியும் அதற்குக் கீழேயும் 150%.

ஒரே ஒரு ரேட்டிங் இருந்தால் அதுவே செல்லும். இரண்டு இருந்து வெவ்வேறு வெயிட் வந்தால், அதிகமான வெயிட்டை எடுக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால், குறைந்த வெயிட் கொண்ட இரண்டை எடுத்து, அந்த இரண்டில் அதிகமானதைப் போட வேண்டும். உதாரணம்: ஏஏ, ஏ, பிபிபி என மூன்று இருந்தால் 30, 50, 100. குறைந்த இரண்டு 30, 50. அதில் அதிகம் 50. கணக்கு அவ்வளவுதான். சாதகமான ரேட்டிங்கை மட்டும் பொறுக்கி எடுக்க வங்கிக்கு அனுமதி இல்லை.

நம் ராஜபாளையம் உதாரணத்துக்கு வருவோம். ஏ மைனஸ் என்றால் 50%, பிபிபி பிளஸ் என்றால் 100%. இரண்டு ரேட்டிங் இருப்பதால் 100% தான். 9% மூலதனம் என்று வைத்தால், 20 கோடிக் கடனுக்கு வங்கி ஒதுக்க வேண்டியது 90 லட்சத்திலிருந்து 1.80 கோடியாகிறது. ஒரே ஒரு படி இறங்கினாலும் வங்கி ஏன் பதறுகிறது என்பது இப்போது புரிகிறதா?

தொழிலாளர்களின் பணத்துக்கு இன்னும் கறாரான விதி. அரசு சாரா பி.எஃப் நிதிகளுக்கு 2015-ல் மத்திய அரசு அறிவித்த முதலீட்டு முறையில், குறிப்பிட்ட கடன் பத்திரங்களுக்கு குறைந்தது இரண்டு ஏஜென்சிகளிடம் 'ஏஏ அல்லது உரிய அளவுகோலில் அதற்கு இணையான' ரேட்டிங் தேவை என்று சொல்லப்பட்டது. இரண்டுக்கு மேல் ரேட்டிங் இருந்தால், எல்லாவற்றிலும் தாழ்ந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

கவனியுங்கள்: மூன்று ரேட்டிங் இருந்தால் ரிசர்வ் வங்கி விதி நடுவில் நிற்கிறது, பி.எஃப் விதி அடியில் உள்ள இரண்டைப் பார்க்கிறது. 'இணை' என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு அர்த்தம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. மேலும் இவை வங்கிக்கும் நிதிக்கும் ஆன விதிகள். உங்கள் வட்டியைத் தீர்மானிப்பது உங்கள் ஒப்பந்தம்தான்.

இந்த வரிகளால் உண்மையில் ஆபத்து வருமா?

வந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 15-ம் தேதி அமெரிக்காவின் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தின் ரேட்டிங்கை மூன்று பெரிய ஏஜென்சிகளும் குறைத்தன. 'ரேட்டிங் இறங்கினால் கூடுதல் பிணை கொடு' என்று ஒப்பந்தங்களில் இருந்த வரிகள் உயிர்பெற்றன. கொடுக்கப் பணம் இல்லை. மறுநாளே அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 2018-ல் ஐஎல் அண்ட் எஃப்எஸ். உச்ச ரேட்டிங்கோடு இருந்த நிறுவனம், சில வாரங்களிலேயே 'டி'-க்கு விழுந்தது. படிப்படியாக இறங்கும், அதற்குள் சுதாரிக்கலாம் என்று நம்பி எழுதிய வரிகள் அங்கே பலன் தரவில்லை.

தொழில் செய்பவர்கள் என்ன செய்யலாம்?

சாங்ஷன் லெட்டரில் 'ரேட்டிங்' என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் கோடு போட்டுப் படியுங்கள். மேலே உள்ள 7 கேள்விகளையும் கையெழுத்துக்கு முன்பே வங்கி மேனேஜரிடம் கேளுங்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வங்கிக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

ஏஜென்சி கேட்கும் கணக்கு விவரங்களை நேரத்துக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ரேட்டிங் பக்கத்தில் 'நிறுவனம் ஒத்துழைக்கவில்லை' என்ற முத்திரை விழும். பல ஒப்பந்தங்களில் அதுவே ரேட்டிங் இறங்கியதற்குச் சமம். தொழில் நன்றாக ஓடியும் ஒரு மெயிலுக்குப் பதில் போடாததால் வட்டி ஏறுவது கொடுமை இல்லையா?

வெளிப்புற வட்டி விகிதத்தோடு இணைந்த கடன் வாங்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. 2019-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் ரிஸ்க்குக்காக வங்கி சேர்க்கும் கூடுதல் வட்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கடனாளியின் நிலையில் கணிசமான மாற்றம் இருக்க வேண்டும். அதுவும் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டபடி இருக்க வேண்டும்.

சரி, அந்த 10 லட்சம் கட்டணுமா?

'தாழ்ந்த ரேட்டிங் செல்லும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கட்ட வேண்டும். 'ஏதாவது ஒரு ஏஜென்சியின் ரேட்டிங் போதும்' என்று இருந்தால் வேண்டாம். ஒன்றுமே எழுதவில்லை என்றால் வாக்குவாதம், வக்கீல் நோட்டீஸ், அலைச்சல். 'அல்லது அதற்கு இணையான' என்று எழுதும்போதே, எதற்கு எது இணை என்று ஒரு சின்ன அட்டவணையை ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.