வெப்பத்தை இறைத்தவர்கள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய் இறங்கினார். அவருடைய கணிதத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் பட்ட குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. விரித்துவைத்த கம்பளிகளுக்கு மேலேயே ஓவர்கோட்டும் சால்வையுமாக ராமானுஜன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு உடம்பு கெட்டு சானடோரியத்தில் கிடந்த காலம் இன்னும் மோசம். காசநோய்க்கு அன்றைய வைத்தியம் திறந்த ஜன்னலும் குளிர்காற்றும்தான். கணப்பு மூட்டித்தர மாட்டேன் என்கிறார்கள், குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, பேனாவும் காகிதமுமாக அங்கே போய்க் கணக்குப் போடப்போகிறேன் என்று ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

அந்தத் திறந்த ஜன்னலுக்கு வெளியே வெப்பம் கொட்டிக் கிடந்தது என்று சொன்னால் கிண்டல் மாதிரி இருக்கும். ஆனால் அது இயற்பியல் உண்மை. வெப்பத்தின் அடிமட்டம் பூஜ்ஜியம் டிகிரி இல்லை, மைனஸ் 273. மைனஸ் 10 டிகிரியில் உறைந்துகிடக்கும் காற்றுகூட அந்த அடிமட்டத்திலிருந்து 263 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. வெப்பம் இருக்கிறது, ஆனால் நமக்கு எட்டாத பள்ளத்தில் இருக்கிறது. அவ்வளவுதான்.

பள்ளத்தில் கிடப்பதை மேட்டுக்குக் கொண்டுவருவது டெல்டாக்காரனுக்குப் புரியவைக்க வேண்டிய விஷயமே இல்லை. கல்லணையில் பிரிந்து வரும் தண்ணீர் தன்னால் ஓடிப் பாய்கிற வயலுக்கு யாரும் மெனக்கெட வேண்டாம், மடையைத் திறந்தால் போதும். வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருக்கும் மேட்டு வயலுக்குத்தான் பாடு. அங்கே இறைகூடை வேண்டும், ஏற்றம் வேண்டும். மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். அந்த உழைப்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருக்கிற தண்ணீரின் இடத்தை மாற்றுகிறது. வெப்பமும் அப்படித்தான். சூட்டிலிருந்து குளிருக்குத் தானே பாயும். எதிர்த்திசையில் கொண்டுபோக இறைக்க வேண்டும். இறைக்கும் இயந்திரத்துக்கு ஹீட் பம்ப் என்று பெயர். வெப்ப ஏற்றம் என்றே சொல்லலாம்.

இதன் சால், சீக்கிரம் கொதிக்கும் ஒரு திரவம். புரொப்பேனை எடுத்துக்கொண்டால் அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். மைனஸ் 10 டிகிரிக் காற்று அதற்கு அடுப்பு. அந்தக் காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. ஆவியை கம்ப்ரெஸர் அழுத்தும்போது சூடேறுகிறது. வீட்டுக்குள் வந்து வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகி வெளியே போகிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மிதமான குளிரில் மூன்று, நான்கு யூனிட் வெப்பம் உள்ளே வரும். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக ஒரு சாலுக்கு ஆகும் பாடு கூடுவதுபோல, குளிர் ஏற ஏற இந்த லாபம் குறையும். மைனஸ் 15 டிகிரியில் ஒன்றுக்கு இரண்டு கிடைத்தாலே பெரிது.

இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் கிளாஸ்கோவின் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. 1852இல், தன் 28ஆம் வயதில், கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே இயந்திரம் போதும் என்று கட்டுரை வெளியிட்டார். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வெப்ப நாடுகளில் வாழும் ஐரோப்பியர்களின் வீடுகளைக் குளிர்விப்பது எப்படி என்று பியாஸி ஸ்மித் என்ற வானியலாளர் அதற்குச் சற்று முன்பு ஒரு யோசனை சொல்லியிருந்தார். தாம்சன் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் யோசித்தார். துரைமார்களின் வியர்வையில்தான் குளிர்நாட்டு ஹீட்டரின் கதை ஆரம்பிக்கிறது.

அந்த வியர்வைக்கு அன்றைக்கு இருந்த மருந்து, கப்பலில் வந்த பனிக்கட்டி. பாஸ்டனின் ஃபிரெடெரிக் டூடர் 1833இல் கல்கத்தாவுக்கு ஐஸ் அனுப்பினார். 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். அமெரிக்க ஏரியின் குளிர் பாதி பூமியைச் சுற்றி வந்து இங்கே உருகியது. 1870களுக்குப் பின் இயந்திரங்களே இங்கே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டு வேலை தெரிந்த இயந்திரத்தில் குளிர்விக்கும் வேலையை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. சூடாக்க நிலக்கரி மலிவாகக் கிடைக்கும்போது யார் இறைத்துக்கொண்டிருப்பார்கள்?

நிலக்கரி இல்லாத இடத்தில்தான் மற்ற வேலைக்கு ஆள் தேடினார்கள். சுவிட்சர்லாந்தில் நிலக்கரி கிடையாது, மலையருவி மின்சாரம் உண்டு. ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்த 1938இல் சூரிச் நகர மன்றத்தில் எஷர் விஸ் நிறுவனம் ஒரு ஹீட் பம்ப் வைத்தது. 1698இல் லிம்மட் ஆற்றின்மேல் கட்டிய கட்டடம் அது. ஆற்றுத் தண்ணீரின் வெப்பத்தையே உறிஞ்சி அறைகளைச் சூடாக்கினார்கள். 60 வருஷத்துக்கு மேல் அது ஓடியது. இங்கிலாந்தின் நாரிச்சில் ஜான் சம்னர் என்ற நகர மின்பொறியாளர், போர்க்காலத் தட்டுப்பாட்டில் பழைய சாமான்களைச் சேர்த்து, 1945 வாக்கில் மின்துறைக் கட்டடத்துக்கு ஒன்றைக் கட்டினார். அதற்கும் ஆறுதான், வென்ஸம். ஒரு யூனிட்டுக்கு மூன்றுக்கு மேல் கிடைத்தது. ராமானுஜன் குளிரில் நடுங்கிய கேம்பிரிட்ஜிலிருந்து நாரிச் சுமார் 100 கிலோமீட்டர்.

பிறகு ஏன் பரவவில்லை? சம்னரின் இயந்திரம் வேலை செய்தது, ஆனால் கணக்கு உதைத்தது. அனல்மின் நிலையத்தில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்தால் சுமார் ஒரு பங்குதான் மின்சாரமாகும். அந்த ஒன்றைக் கொண்டு மூன்று இறைத்தால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறோம். போதாக்குறைக்கு 1965இல் வட கடலில் எரிவாயு கிடைத்தது. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு குழாய் போனது. மடை திறந்து பாய்கிற இடத்தில் ஏற்றத்தைக் கழற்றிப் பரணில் போடுவது இயல்புதானே. மின்சாரம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வர ஆரம்பித்த பிறகுதான் கணக்கு மாறியது. 2022இல் ரஷ்ய எரிவாயு முடங்கியபோது ஐரோப்பாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 30 லட்சம் ஹீட் பம்புகள் விற்றன.

எல்லாக் கட்டடத்துக்கும் பக்கத்தில் ஆறு இருக்காது. காற்று எங்கும் உண்டு. அதனால் நகரத்துக் கட்டடங்களில் இயந்திரம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. ஏறியதும் புதுப்புதுப் பிரச்சினைகள். பழைய மாடி அந்த எடையையும் பனியின் எடையையும் சேர்த்துத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பனி மூடிவிடாதபடி இரும்புச் சட்டத்தில் உயர்த்தி, அதிர்வு கீழே இறங்காமல் ரப்பர் கட்டை கொடுக்க வேண்டும். குளிரில் காற்றின் ஈரம் சுருளில் உறைந்து பூக்கும். அவ்வப்போது இயந்திரம் திசைமாறி, வீட்டின் வெப்பத்தையே கொஞ்சம் எடுத்து அந்தப் பனியை உருக்கும். உருகிய தண்ணீருக்கு வழி வைக்காவிட்டால் அது மாடியிலேயே மறுபடி உறைந்துவிடும். ராத்திரி இரைச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டடத்தின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலையும் கசியும் சுவரையும் அப்படியே விட்டுவிட்டுப் பெரிய இயந்திரமாக வாங்கி வைப்பது, வரப்பில் நண்டு வளையை அடைக்காமல் விடிய விடிய மோட்டார் ஓட்டுவதற்குச் சமம்.

இதுவரை பொறியியல். டெல்டாவின் ஏற்றத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. மிதித்தவரின் வயல் அல்ல அது. மிராசுதாரின் மேட்டு வயலுக்குப் பண்ணையாள் மிதித்தார். களைப்புத் தெரியாமலிருக்கப் பாடியதை ஏற்றப்பாட்டு என்று பிற்பாடு தொகுத்து ரசித்தோம். இறைப்பது என்று வந்துவிட்டால் யார் மிதிப்பது, யார் வயலுக்குப் பாய்வது என்ற கேள்வியும் கூடவே வரும். நியூயார்க் 2019இல் பெரிய கட்டடங்களின் கரியுமிழ்வுக்கு வரம்பு வைத்துச் சட்டம் போட்டது. அங்கே பல பழைய கட்டடங்களில் பாய்லர் செலவு வீட்டுக்காரருடையது, வாடகைக்குள் அடக்கம். ஹீட் பம்புக்கு மாறி, அதைக் குடியிருப்பவரின் மீட்டரில் இணைத்துவிட்டால்? கட்டடம் பசுமையாகும், பில் ஏழையின் கைக்கு வரும். அந்த நகரத்தின் பொதுக்குடியிருப்பு வாரியம் 2022இல் ஜன்னலிலேயே பொருத்தும் 30,000 ஹீட் பம்புகளுக்கு ஒப்பந்தம் போட்டது. குழாய்க்காகச் சுவரையெல்லாம் உடைக்க வேண்டாம், சாதாரண பிளக் போதும். வரிசையில் கடைசியாக நிற்கிறவர்களிடமிருந்து ஆரம்பித்தார்கள் என்பதால் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

இதே இயந்திரம் நம்மிடமும் இருக்கிறது, திருப்பி மாட்டிய நிலையில். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் மாடிக்கு மாடி இரையும் ஏசிகள் அறையின் வெப்பத்தை இறைத்துத் தெருவில் கொட்டுகின்றன. ஏப்ரல் மதியத்தில் அந்தத் தெருவில் இளநீர் வெட்டுகிறவருக்கு அது கூடுதல் வெயில். காவிரித் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வருஷாவருஷம் கேட்கத் தெரிந்த ஊர் இது. வெப்பத்துக்கும் கடைமடை உண்டு.